மூன்றாவது மான்: ஆசனூர் சாலையில் தம்பி விழுந்த நாளும் அதற்குப் பிறகும்

கோவையிலிருந்து:

எழுத வேண்டும் என்று நினைத்து நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டது இது. காட்டுச் சாலையில் விலங்கு மோதி விழுந்தவர்கள், விழுந்தவரைத் தூக்கியவர்கள், எல்லோரும் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். முதலில் எங்களுடையது.

கார்த்திகை கடைசி ஞாயிறு. ஏழு வண்டிகள். பண்ணாரியில் இறங்கி அம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் வைத்துக்கொண்டு, காலையில் சோதனைச் சாவடி திறந்ததும் சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் மேலே ஏறினோம். 2022 பிப்ரவரியிலிருந்து அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. ராத்திரி முழுக்க வண்டிச் சத்தம் இல்லாமல் மேய்ந்த விலங்குகள் விடிந்தும் சாலை ஓரத்திலேயே நிற்கும். தெரிந்துதான் போனோம். 27 கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாகவே ஏறினோம். திம்பத்தில் டீ குடித்துவிட்டு ஆசனூர் பக்கம் கிளம்பினோம். பனி இன்னும் விலகவில்லை.

முன்னால் போன வண்டிக்காரர் இடது கையைத் தூக்கி வேகத்தைக் குறைத்தார். ஒரு புள்ளிமான் சாலையைக் கடந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார், அடுத்த வண்டியும் நகர்ந்தது. மூன்றாவதாகப் போனவன் எங்கள் குழுவிலேயே இளையவன். தம்பி என்றே எல்லோரும் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மான் போய்விட்டது என்று நினைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினான். உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து மூன்றாவது மான் பாய்ந்தது.

கடைசி வண்டியில் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர்தான் போயிருப்பான். 50 என்றால் ஒரு நொடிக்கு 14 மீட்டர். விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 14 மீட்டர் போய்விடும். ஈர மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். மான் இரண்டு தடவை முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது, அப்புறம் படுத்துவிட்டது. தம்பி எழப் பார்க்கவே இல்லை.

அடுத்த அரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு லாரி ஓட்டுநர்தான். கரும்பு ஏற்றி வந்தவர். யாரும் கையைக் காட்டவில்லை. தானாகவே லாரியைச் சாலையில் சாய்வாக நிறுத்தி எங்களை மறைத்தார். இறங்கி உண்ணிச்செடியைக் கை நிறைய ஒடித்து, இந்தப் பக்கம் ஐம்பது தப்படி, அந்தப் பக்கம் ஐம்பது தப்படி தள்ளிப் போட்டுவிட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் தம்பியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோமே தவிர, வளைவில் வரும் அடுத்த வண்டியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த இலையின் காட்டமான வாடை இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது.

போனில் சிக்னல் இல்லை. இரண்டு பேரை ஆசனூருக்கு அனுப்பினோம், அங்கே போய் 108-க்குச் சொன்னார்கள். தம்பிக்கு நினைவு இருந்தது, பேசினான். இடது தொடை மட்டும் தொடை மாதிரி இல்லை. தொடை எலும்பு உடைந்தால் வெளியே ஒரு சொட்டு தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போய்விடும் என்பது முதலுதவிப் பயிற்சி எடுத்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது. லாரியில் கிடந்த பலகையை வைத்து, அந்த ஓட்டுநரின் தோள் துண்டால் காலை அசையாமல் கட்டினார். துண்டு ஆம்புலன்ஸோடு போய்விட்டது. ஓட்டுநரின் பெயரை ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வனக்காவலர் வந்து மானைப் பார்த்தார், எங்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். மானைத் தொட வேண்டாம், இலாகா பார்த்துக்கொள்ளும் என்றார். கிளம்பும்போது, "கூட்டத்தில் கடைசியாக வருவது குட்டியாகவோ வயிற்றில் குட்டி இருப்பதாகவோ இருக்கும் தம்பி, அது போன பிறகு போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குச் சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது என்று எங்கள் குழுவில் மூத்தவரான பெரியண்ணன் உறுதியாக இருந்தார். அவர் அன்றைக்கு ரைடுக்கு வரவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனார். "பையன் பேசுகிறான். மூச்சு நன்றாக இருக்கிறது. கால் உடைந்திருக்கிறது." இந்த வரிசையில்தான் சொன்னாராம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கதவைப் பூட்டிக் காரில் ஏறியவர் மறுபடி இறங்கிப் போய், தொட்டிக்கு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். வாசல் முழுக்கத் தண்ணீர் வழிந்திருந்ததாம். மருத்துவமனை வரைக்கும் அவர் ஈரக்காலோடுதான் உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி சொன்னார்.

சத்தியமங்கலத்தில் முதல் சிகிச்சை, பிறகு கோவை. காறை எலும்பு, மூன்று விலா எலும்பு, தொடை எலும்பு. தொடைக்குள் கம்பி வைத்தார்கள். முதல் 48 மணி நேரத்துக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் கைகொடுத்தது. 2021 டிசம்பரில் தொடங்கியது, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். தம்பியின் வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும். 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று எல்லோரும் நினைத்தோம். அது உயிர் போனாலோ, கை கால் கண் போனாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ மட்டும்தான் வரும். எலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்தால் ஒரு ரூபாய் வராது. எதிரே வந்தது மான், யாரிடம் போய் இழப்பீடு கேட்பது? அன்று ராத்திரியே எங்கள் வீடுகளில் எல்லோரும் அவரவர் காப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தோம். நீங்களும் பாருங்கள். வண்டிக்குத் தனியாகவும் உடம்புக்குத் தனியாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் சேர்ந்துவிட்டது. பழக்கமே இல்லாத ஊர்க் குழுக்களிலிருந்தெல்லாம் நூறு, ஐந்நூறு என்று வந்தது. அவன் வேலை செய்யும் லேத் பட்டறை முதலாளி நான்கு மாதமும் பாதிச் சம்பளம் கொடுத்தார். ரத்தம் கொடுக்க மட்டும் முதல் நாளே பதினொரு பேர் வந்து நின்றார்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மூன்றாவது வாரத்தைப் பற்றி. முதல் வாரம் கூட்டம் அதிகம் என்று வார்டில் சத்தம் போட்டார்கள். மூன்றாவது வாரம் அவன் வீட்டில் படுத்திருக்கிறான், ஆள் வரத்து நின்றுவிட்டது, அம்மா ஒருவரால் அவனைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதை அவர் எங்களிடம் சொல்லவும் இல்லை. பெரியண்ணன் ஒருநாள் சும்மா போனபோதுதான் தெரிந்தது. அன்றே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினார். தேதி, காலைக்கு யார், மாலைக்கு யார், பிசியோதெரபிக்கு யார் கார் என்று கோடு போட்டார். கடைசியில் 'முட்டி' என்று ஒரு கட்டம். அன்றைக்கு முட்டி எத்தனை டிகிரி மடங்கியது என்று அன்று கூடப் போனவர் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் 30, 30, 35, 30. அந்த 30 திரும்ப வந்த நாளில் அவன் யாரிடமும் பேசவில்லை. ஒன்பதாவது வாரம் 90 வந்தது, அதைச் சுற்றி வட்டம் போட்டது அவன் அம்மா.

வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹெட்லைட் கூட்டின் விரிசலில் செம்பழுப்பாக நாலைந்து மயிர் சிக்கியிருந்தது. ஒன்றில் பாதி வெள்ளை, புள்ளி இருந்த இடம் போலிருக்கிறது. அவன் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிட்டேன்.

தென்காசியிலிருந்து:

அண்ணா, நான் செவிலியர். எங்கள் பக்கம் மானைவிடக் காட்டுப்பன்றிதான் அதிகம். பொழுது சாயும்போது மலையடிவாரத்திலிருந்து வாழைக்கும் கடலைக்கும் இறங்கும். தலையைத் தாழ்த்திக்கொண்டு நேர்கோட்டில் ஓடும், பக்கம் பார்க்காது. உயரம் குறைவு என்பதால் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மாலை டூட்டி முடிந்து கடையம் சாலையில் ஸ்கூட்டரில் வரும்போது ஒரு பன்றி முன்சக்கரத்தில் அடித்தது. மணிக்கட்டு முறிந்தது.

நான் விழுந்ததும் ஓடிவந்த இரண்டு பையன்கள் செய்த முதல் காரியம் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தது. "தொடாதீங்க" என்று கத்தினேன். இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். விழுந்தவர் மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். முன்கண்ணாடியைத் தூக்கிவிடுங்கள், நாடாவைத் தளர்த்துங்கள், தலையை ஒருவர் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு இல்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் கழற்ற வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் மெதுவாக உருவ வேண்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பையன்கள் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "கேஸ் ஆகுமா அக்கா?" என்று பயந்தபடி நின்றார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் உதவுகிறவர் மீது வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2016-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டுதலுக்குச் சட்ட வலிமை கொடுத்துவிட்டது. இதை நான் அவர்களிடம் சொன்னபோது ஒருவன் அழுதுவிட்டான். அவன் அப்பா சாலையில் அடிபட்டு ஒரு மணி நேரம் கிடந்தவராம்.

கோத்தகிரியிலிருந்து:

எங்களுக்குக் காட்டெருமை. தேயிலைத் தோட்டத்துக்குள் மாடு மாதிரிதான் நிற்கும், அதனால் வெளியூர்க்காரர்களுக்குப் பயம் வருவதில்லை. முழு வளர்ந்த கிடா ஆயிரம் கிலோவைத் தொடும். ராத்திரியில் மானுக்குக் கண் மின்னும், அதை வைத்துப் பிரேக் பிடிக்கலாம். காட்டெருமை தலையைத் திருப்பிக்கொண்டு நின்றால் மின்னவும் மின்னாது, கறுத்த உடம்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும். முழங்காலுக்குக் கீழே வெள்ளை இருக்கும், காலுறை போட்ட மாதிரி. பனியில் நாங்கள் தேடுவது அந்த நான்கு வெள்ளைக் கால்களைத்தான்.

போன வருடம் சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் அந்தக் கால்களைப் பார்க்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. அவனுக்கு இங்கே யாரையும் தெரியாது. எங்கள் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள்தான் அவன் அப்பா அம்மா வந்து சேரும் வரை மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் வீட்டிலிருந்து ராகிக் களியும் அவரைக் குழம்பும் கொண்டுவந்தார். அந்தப் பையன் இப்போதும் பொங்கலுக்கு அவருக்குப் போன் பண்ணுகிறான்.

கிளிநொச்சியிலிருந்து:

எங்கட பக்கம் ஏ9 வீதியில் மயில். பறக்கத் தொடங்கினால் சரியாக ஹெல்மெட் உயரத்துக்கு வரும். எனது நண்பர் ஒருவரின் நெஞ்சில் அடித்து விழுத்தியது. நாலு கிலோ பறவைதானே என்று நினைக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க, அம்புலன்ஸ் வந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. மூன்றாவது வாரம் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. நாங்களும் முதல் வாரம் போனோம், பிறகு போகவில்லை. நாளைக்குப் போகிறேன்.

தம்பி:

அண்ணா, எல்லாம் படித்தேன். மான் மயிர் பற்றி எனக்கு முன்பே தெரியும், ஒன்று ஜாக்கெட் ஜிப்பிலும் இருந்தது.

நேற்று முட்டி 120. டாக்டர் வண்டி ஓட்ட இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார், பின்னால் உட்காரலாமாம். அம்மா அந்த லாரி அண்ணனின் துண்டை இரண்டு தடவை சோடா உப்புப் போட்டுத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார். ரத்தக்கறை ஒரு ஓரத்தில் மட்டும் போகவில்லை. புதுத் துண்டு ஒன்றும் வாங்கி அதன் மேல் வைத்திருக்கிறார். திம்பம் டீக்கடையில் கொடுத்து வைத்தால், கரும்பு லாரிக்காரர்கள் யாராவது அடையாளம் சொல்வார்கள் என்று அம்மா நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இடது காலை இன்னும் உயரமாகத் தூக்கிப் போட முடியவில்லை. சீட் உயரம் குறைவான வண்டி யாரிடம் இருக்கிறது?

கோவையிலிருந்து:

என்னிடம் இருக்கிறது. ஞாயிறு நாலு மணிக்கு உங்கள் வாசலில் நிற்கிறேன். துண்டை அம்மாவிடமே வாங்கிக்கொள்கிறேன், நீ தூக்காதே.