புதுப்பிப்பு: மேல்நிலைக் கிரேனில் சுமை ஆட்டம் அடங்கியது
கிரேன் நின்ற பிறகும் கொக்கியில் தொங்கும் சுமை ஆடிக்கொண்டே இருப்பதால் ஆபரேட்டர் காத்திருக்க நேர்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. டிரைவில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) முடுக்க நேரத்தைக் கூட்டுவது மட்டும் போதவில்லை. பலன் தந்தது, வேகக் கட்டளையை இரு சம பாதிகளாக்கி, இரண்டாவதை அரை ஊசல் காலம் (ஊசல் காலம் என்பது சுமை ஒருமுறை முழுதாக ஆடித் திரும்பும் நேரம்) தாமதித்துக் கொடுக்கும் யோசனைதான்: 4 மீட்டர் தொங்கு நீளத்துக்கு ஊசல் காலம் ஏறத்தாழ 4 விநாடி என்பதால் தாமதம் 2 விநாடி, முதல் பாதி கிளப்பும் ஆட்டத்தை மற்றது அழித்துவிடுகிறது. நீளத்தைக் கொக்கி வரை அல்ல, சுமையின் ஈர்ப்பு மையம் வரை கணக்கிட வேண்டும். இந்த நீளம் சுமையின் ஏற்ற இறக்கத்தில் மாறுவதால் ஹாய்ஸ்ட் என்கோடரின் (தூக்கும் பொறி சுமையை எவ்வளவு ஏற்றி இறக்கியுள்ளது என்று அளக்கும் உணரி) அளவையும் இணைத்துவிட்டோம்.

எதிர்பாராதது, பொத்தானை விட்ட பிறகும் டிராலி (சுமையைத் தாங்கி நகரும் கிரேன் வண்டி) சற்று நகர்ந்தே நிற்பது. கைப்பழக்கம் உள்ள ஆபரேட்டர்களுக்கு இதுவே முதலில் உறுத்தியது. அவசர நிறுத்தத்துக்கு இந்தத் தாமதம் பொருந்தாதபடி தனியே வைத்திருக்கிறோம்.