எத்தனை எச்பி (குதிரைத்திறன்) டிராக்டர் போதும்? சனி ஞாயிறு மட்டும் உழுபவர்களின் அனுபவம்

கரிசல்காட்டான்:
கோவில்பட்டிப் பக்கம் 4 ஏக்கர், வேலை மதுரையில். 24 எச்பி மினி வண்டி வைத்திருக்கிறேன். போன புரட்டாசியில் உளுந்து போட மழை விட்ட இரண்டாம் நாளே நாலடி ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) இறக்கினேன். முப்பதடி போயிருக்காது, கரும்புகை கக்கி இஞ்சின் முக்கி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் கத்தியே தெரியவில்லை, அவ்வளவு களி அப்பியிருக்கிறது. கம்பியால் சுரண்டிச் சுரண்டியே இருட்டிவிட்டது. ஊரோடு இருப்பவர் பதம் வரும்வரை காத்திருக்கலாம். நான் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், அடுத்த சனிக்குள் காடு இறுகிவிடும். பகுதிநேர விவசாயிக்குச் சின்ன வண்டி போதும் என்று சொல்லாதீர்கள். நமக்குத்தான் பெரிய வண்டி வேண்டும்.

தோப்புக்காரன்:
எனக்கு நேர்மாறு. பொள்ளாச்சியில் தென்னைக்குள் பாக்கு ஊடுபயிர். "பெருசா வாங்கிரு மாப்ள" என்று மாமா சொன்னதால் 45 எச்பி எடுத்தேன். முதல் நாளே திருப்பும்போது பின்சக்கரம் ஏழு வருடப் பாக்கு மரத்தை உரசி, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் தழும்பைப் பார்க்காமல் தோப்புக்குள் போக முடியவில்லை. தோப்புக்கு மினிதான்.

டெல்டா தம்பி:
கரிசல் அண்ணே, எச்பி மேல் மட்டும் பழி போடாதீர்கள். என்னுடையது 42 எச்பி. சேற்றுழவில் கேஜ் வீலோடு (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) புதைந்து, வேகமாக முறுக்கியதில் முன்சக்கரம் ஒரு முழம் மேலே எழும்பியது. கிளட்சை மிதித்ததால் பிழைத்தேன். இதற்கு எச்பி என்ன செய்யும்? மாட்டிக்கொண்டால் முன்கியரில் முறுக்காதீர்கள், வண்டி பின்னால் மல்லாந்துவிடும். ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னொரு வண்டியை வரச் சொல்லுங்கள்.

அப்புறம், வண்டியில் போட்டிருக்கும் எச்பி இஞ்சினுடையது. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓ (பின்னால் மாட்டும் கருவிக்கு இஞ்சின் சக்தியைக் கொடுக்கும் தண்டு) எச்பி, அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். விற்பவரிடம் அதைக் கேளுங்கள். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று வர இஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் ஓட வேண்டும் என்றும் கேளுங்கள், ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் கத்தி திணறும். ஐந்தடி ரோட்டவேட்டர் என்றால் 35, 40 எச்பியாவது வேண்டும். நாலடிக்கு உங்கள் வண்டி செம்மண்ணில் ஓடும், ஈரக் கரிசலில் ஓடாது. முதலில் ஐந்து கொத்துக் கலப்பை விட்டுக் கீறி, ஒரு நாள் ஆறப்போட்டு ரோட்டவேட்டர் விடுங்கள். சக்கரம் வழுக்கினால் பின்டயரில் தண்ணீர் நிரப்பி எடை ஏற்றுங்கள்.

கரிசல்காட்டான்:
தம்பி, ஒரு நாள் ஆறப்போட்டால் என் ஞாயிறு போச்சே. ஆனால் கொத்துக் கலப்பை யோசனை சரிதான். சனிக்கிழமை கீறுவதற்கு மட்டும் வாடகைக்கு 50 எச்பி வண்டி கேட்டேன். அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் வேண்டுமாம், வெள்ளிக்கிழமை ராத்திரி வருகிறேன் என்கிறார் டிரைவர். லைட் போட்டு உழ வேண்டியதுதான்.