கோல்கீப்பரா இருந்து கோச்சா மாற எங்க தொடங்கலாம்? (மைதானம் சரளை, சரிவு)

ஹட்டன்_நம்பர்1:
வணக்கம். வயசு 34, உதைபந்தாட்டத்துல எப்பவும் கோல்கீப்பர்தான். இனி தோட்டத்துல 14 வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்கலாம்னு இருக்கேன். எந்தச் சான்றிதழ்ல தொடங்கணும்? கீப்பரா இருந்தவங்க கோச்சானதும் எங்க சறுக்குறாங்க? மைதானம் பாதி சரளை, ஒரு பக்கம் தேயிலைக்குள்ள இறங்குற சரிவு. இதுல பாய்ஞ்சு பிடிக்கப் பழக்கலாமா?

மேட்டு_லயம்:
ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தோட கோச் சான்றிதழ்ப் படிகள் கீழ இருந்து டி, சி, பி, ஏ, புரோ. இங்க இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் மூலமாப் போகணும். உங்க லீக் செயலாளர்கிட்ட இப்பவே பேரைக் குடுத்து வைங்க. கீப்பர் கோச்சுக்குன்னு தனிப் பாடநெறி இருக்கு. ஆனா முதல்ல அதுக்கு ஓடாதீங்க. ஏற்கனவே தெரிஞ்சதுக்கே சான்றிதழ் வாங்கின மாதிரி ஆகிடும். உங்களுக்கு வேண்டியது மத்த பத்துப் பேரோட பாடம்.

சறுக்குற இடமும் அதுதான். டீம் நடுவுல பந்து பழகும்போது கீப்பர் ஒரு மூலையில தனியாப் பழகிட்டு, கடைசியில கோல் அடிக்குற நேரம்தான் வந்து சேருவார். ஆட்டத்துல முழு மைதானமும் அவர் கண் முன்னாடிதான். ஆனா முதுகுக்குப் பின்னாடி ஆள் வர, பந்தை வாங்கித் திரும்புறது எப்படின்னு அவருக்குப் பழக்கம் இல்ல. அதனால கோச்சானதும் தற்காப்பு, கோர்னர், ஃப்ரீகிக் எல்லாம் பிரமாதமா இருக்கும். முன்னுக்குப் போனா, "அடிச்சு ஏத்து" மட்டும்தான்.

மருந்து இதுதான். முதல் ஆறு மாசம் கோலுக்குப் பின்னாடி நிக்கவே நிக்காதீங்க, நடுக்கோட்டுப் பக்கம் நில்லுங்க. வாரத்துல ஒரு நாள் முழுக்க 4க்கு 4, மைதானம் 25 மீட்டருக்கு 20, கீப்பரே இல்லாம, ரெண்டு ரெண்டு சின்ன கோல். 3 நிமிஷ ஆட்டம், ஒரு நிமிஷ ஓய்வு. பந்து வர்றதுக்கு முன்னாடி யார் தலையைத் திருப்பிப் பார்க்குறான்னு மட்டும் கவனிங்க, வேற எதையும் திருத்த வேணாம்.

ஊவா_பக்கம்:
நடுக்கோட்டு விஷயம் சரி. ஆனா கீப்பர் பார்வையை ஒரேயடியாக் குறைச்சுப் பேச வேணாம் அண்ணே. இத்தாலி கீப்பர் டினோ சோஃப் 1982ல 40 வயசுல தலைவரா உலகக் கிண்ணம் தூக்கினார், 2000ல கோச்சா இத்தாலியை யூரோ இறுதியாட்டம் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். நூனோ எஸ்பிரித்தோ சாந்தோ 2004ல போர்ட்டோ கிளப் சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சப்ப அதோட ரெண்டாவது கீப்பர். 2018ல இங்கிலாந்து கிளப் வுல்வ்ஸை பிரிமியர் லீக்குக்கு ஏத்தினதும் அவர்தான். ஸ்பெயின் கிளப் செவில்லாவோட கோச்சா 2020ல யூரோப்பா லீக் எடுத்த லொப்பெத்தேகியும் கீப்பர்தான். பெஞ்ச்ல இருந்த கீப்பருக்கு ஆட்டத்தைப் படிக்க நிறைய நேரம் கிடைக்கும், அது சும்மா போகாது.

இப்ப சரிவு. கீப்பர் மேட்டைப் பார்த்து நிக்கட்டும். முன்னுக்குக் குறுக்காப் பாயும்போது தரை அவனுக்குக் கிட்ட வரும், விழுற உயரம் குறையும். பள்ளத்தைப் பார்த்து நின்னா அடி இன்னும் பலமா விழும். என்ன, விட்ட பந்தெல்லாம் தேயிலைக்குள்ள உருளும். பின்னால ரெண்டு கம்பு நட்டு உரச்சாக்கைத் தைச்சுத் திரை கட்டிடுங்க. மழைக்காலத்துல பந்து தேடப் போறவன் காலெல்லாம் அட்டையோடதான் வருவான், பாதிப் பயிற்சி அதுலயே போயிடும்.

விழப் பழக்குறது எப்பவும் இந்த வரிசைதான்: உட்கார்ந்து, முழங்கால்ல, குந்தி, அப்புறம்தான் நின்னு. ஒவ்வொண்ணும் குறைஞ்சது ரெண்டு வாரம். தரையைத் தொடுற வரிசை கெண்டைக்கால் பக்கம், தொடை, இடுப்பு, தோள். ஒரு கை பந்துக்குப் பின்னால, ஒரு கை மேல. பிள்ளைகள் ரெண்டு தப்புப் பண்ணுவாங்க. ஒண்ணு, முழங்கையை விலாவுக்குக் கீழ மடக்கி விழுறது. மூச்சு அடைச்சிடும், அந்தப் பயம் ஒரு மாசத்துக்குப் போகாது. இன்னொண்ணு, பின்னுக்கு விழுறது. பந்து அடிக்கும்போது கால் இன்னும் நகர்ந்துக்கிட்டே இருக்கிறதுதான் அதுக்குக் காரணம். அடிக்குறவன் கால் பந்தைத் தொடுற நேரம் கீப்பரோட ரெண்டு காலும் தரையில நின்னிருக்கணும். கையைத் திருத்தாதீங்க, காலைத் திருத்துங்க, கை தானா வரும்.

சரளைக்கு, 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தைக் கல் பொறுக்கிச் சுத்தம் பண்ணி, பழைய மெத்தைமேல படங்கு (தார்ப்பாய்) சுத்திப் போடுங்க. உடம்பு விழுற இடத்துல மட்டும் மெத்தை. உதைச்சுக் கிளம்புற கால் மண்ணுல இருக்கணும், ஈரப் படங்குல கால் வச்சா வழுக்கும். மரத்தூள் வேணாம், ரெண்டு மழைக்கு இறுகிடும். மானாப்புல் வெட்டிப் போட்டா முகம் கீறும்.

அஞ்சாறு பாய்ச்சலுக்கு ஒரு நிமிஷம் ஓய்வு. களைச்சுப் போய்ப் பாயுறது பயிற்சி இல்ல, தப்பை மனப்பாடம் பண்ணுறது.

பனிக்கூட்டம்:
சில்லறை விஷயம் ஒண்ணு ரெண்டு. கொழும்புல 9 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) காத்தடிச்ச பந்தை நுவரெலியாவுக்குக் கொண்டு வந்தா 11க்குக் கிட்ட காட்டும். 1,868 மீட்டர் உயரத்துல வெளிக்காத்தோட அழுத்தம் அவ்வளவு குறைவு. குளிர் கொஞ்சம் இறக்கினாலும் கல்லு மாதிரிதான் இருக்கும், சின்னப் பிள்ளைகளோட விரல் மடங்கிடும். மைதானத்துக்கு வந்தப்புறம் அளந்து 8.5க்கு இறக்குங்க. அதுக்குக் கீழ போகாதீங்க, 8.5 தான் விதியில குறைஞ்ச அளவு. மேல காத்து லேசா இருக்கிறதால பந்து வேகமா வரும், வளைவு குறையும். கீழ நாட்டுல இருந்து வர்ற கீப்பர் குறுக்குப் பந்துக்கு ஒரு அடி லேட்டாகுறது அதனாலதான்.

கோன் வெள்ளை வாங்காதீங்க, மூடுபனி இறங்கினா தெரியாது. ஆரஞ்சு எடுங்க. கிளவுஸை அடுப்புப் பக்கம் காயப் போட்டா லேட்டெக்ஸ் வெடிச்சிடும். சோப் போடாம இளஞ்சூட்டுத் தண்ணியில அலசி, உள்ள பேப்பரைத் திணிச்சு, நிழல்ல காய விடுங்க. பழகுறதுக்குப் பழைய ஜோடி, மேட்ச்சுக்கு வேற ஜோடி.

இன்னொண்ணு, ஜீஐ பைப்புல செஞ்ச கோலை ஆணியடிச்சோ கல் மூட்டை வச்சோ நிறுத்தினப்புறம்தான் பிள்ளைகளைக் கிட்ட விடணும். அதுல தொங்க விடவே கூடாது.

ஹட்டன்_நம்பர்1:
நன்றி அண்ணே எல்லாருக்கும். 12 வயசுக்காரனை முழு கோல்ல நிறுத்தலாமா? புது எட்டு செக்கன் விதியை இப்பவே பழக்கணுமா?

மேட்டு_லயம்:
முழு கோல் 7.32 மீட்டருக்கு 2.44. அந்த வயசுல மேல போற பந்து எதையும் தொட முடியாது, தோத்துப் பழகிடுவான். பயிற்சியில 5 மீட்டருக்கு 2 மீட்டர்னு கம்பு நட்டுக்குங்க, மேட்ச்ல மட்டும் முழுசு.

எட்டு செக்கன் பழக்குங்க. 2025 ஜூலையில இருந்து, கையில எட்டு செக்கனுக்கு மேல வச்சிருந்தா எதிரணிக்குக் கோர்னர். முன்னாடி ஆறு செக்கன், மறைமுக ஃப்ரீகிக்னு இருந்துச்சு, நடுவர்கள் குடுத்தது ரொம்ப அபூர்வம். இப்ப கடைசி அஞ்சு செக்கனை நடுவர் கையைத் தூக்கி விரல்ல காட்டுவார். பிடிச்ச உடனே தலை தூக்கி, முதல்ல தூரத்துல ஓடுறவனைப் பார்க்கணும், அவன் இல்லேன்னா பக்கத்துல நிக்குற தற்காப்பு ஆட்டக்காரனுக்கு உருட்டிவிடணும். மூணு செக்கன்ல முடிவு எடுக்கப் பழகிட்டா, நடுவர் விரல் எண்ணத் தொடங்குற முன்னாடியே பந்து கையை விட்டுப் போயிடும்.