‘வாய்ப்பூட்டு ஆணை’க்கு மாற்றுச்சொல் வேண்டும்

> வழக்குச் செய்தியைக் கொஞ்ச காலம் வெளியிடாதிருக்கச் சொல்லும் போஸ்ட்போன்மென்ட் ஆர்டருக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் ‘வாய்ப்பூட்டு ஆணை’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். வாய்ப்பூட்டு என்றால் பேசவே கூடாது. சகாரா நிறுவனத்துக்கும் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2012-இல் அனுமதித்தது, செய்தியைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவதை மட்டும்தான். அதுவும் எளிதில் கிடைக்காது. நியாயமான விசாரணை கெடும் என்ற ஆபத்து மெய்யானதாகவும் கணிசமானதாகவும் இருக்க வேண்டும். வழக்கை வேறிடத்துக்கு மாற்றுவது போன்ற வழிகளால் அந்த ஆபத்து தீராது என்று தெரிய வேண்டும். ஆணைக்குக் காலவரம்பும் உண்டு. ஊடகங்கள் அதை எதிர்த்து வழக்காடலாம்.

பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் தள்ளிப்போடுவதையும் மறைப்பதையும் தனித்தனியே வைத்திருக்கிறது: பிரிவு 4(2) செய்தியைத் தள்ளிப்போட, பிரிவு 11 பெயர், விவரங்களை மறைக்க. ஒரே குற்றத்தில் இருவர்மீது அடுத்தடுத்து விசாரணை என்று வையுங்கள். முதல் விசாரணையின் சாட்சியம் பத்திரிகையில் வந்துவிட்டால், இரண்டாவதற்கு வரும் ஜூரிகள் (குற்றவாளியா இல்லையா என்று முடிவுசொல்லும் பொதுமக்கள்) அதைப் படித்துவிட்டு வந்து உட்காருவார்கள். அதற்குத்தான் 4(2). இரண்டாவதும் முடிந்தபின் இரண்டையும் முழுசாக எழுதலாம். ‘தடை’ என்று பெயர் வைத்தால் துணை ஆசிரியர் நிருபரின் குறிப்பைக் குப்பையில் போட்டுவிடுவார். ஆணை என்றைக்கு முடிகிறது என்று குறித்துவைக்க மாட்டார்.

---

> அப்படியானால் ‘ஒத்திவைப்பு ஆணை’ என்றே சொல்லிவிடலாம்.

நீதிமன்றச் செய்தி படிப்பவருக்கு ஒத்திவைப்பு என்றால் வாய்தாதான். ‘நீதிபதி ஒத்திவைப்பு ஆணை பிறப்பித்தார்’ என்று எழுதினால், வழக்கு இன்னொரு தேதிக்குப் போய்விட்டதாகவே நினைப்பார். ‘தள்ளிவைப்பு’ ஊர்விலக்கு வாடை அடிக்கிறது. ‘நிறுத்திவைப்பு’ தண்டனையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எதை ஒத்திவைக்கிறோம் என்பது சொல்லிலேயே இருந்தாக வேண்டும். ‘வெளியீட்டு ஒத்திவைப்பாணை’ என்று எழுதிப் பார்த்தால் மழையால் நூல் வெளியீட்டு விழா தள்ளிப்போனதுபோல் இருக்கிறது! ‘செய்தி ஒத்திவைப்பாணை’ என் தேர்வு.

---

> செய்தி என்றால் முகநூல் பதிவு, யூடியூப் காணொளி எல்லாம் அடங்குமா?

வரையறையில் சேர்த்துவிடலாம், அதற்காகச் சொல்லை நீட்ட வேண்டாம். நான் கவலைப்படுவது வேறு குழப்பத்துக்கு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228அ) நீதிபதியின் ஆணைக்காகக் காத்திருப்பதில்லை. சட்டமே தடுக்கிறது, தீர்ப்பு வந்தாலும் தடை நீங்காது, சில விதிவிலக்குகள் தவிர. அதை ‘அடையாள வெளியீட்டுத் தடை’ என்று தனிப் பதிவாக்குவோம். மூடிய அறை விசாரணையும் தனிதான். அங்கே பொதுமக்களுக்கு உள்ளே நுழையவே அனுமதியில்லை.

பட்டியலுக்கு என் வரைவு:

செய்தி ஒத்திவைப்பாணை (பெ.): நடக்கும் அல்லது நடக்கவிருக்கும் விசாரணை கெடாதிருக்க, குறிப்பிட்ட விவரங்களை அச்சு, ஒளிபரப்பு, இணையம் எதிலும் ஒரு காலவரம்புவரை வெளியிடாதிருக்கும்படி நீதிமன்றம் இடும் ஆணை. எ-டு: ‘சாட்சி விசாரணை முடியும்வரை செய்தி ஒத்திவைப்பாணை நீடிக்கும்.’

எடுத்துக்காட்டில் ‘முடியும்வரை’யை யாரும் வெட்டிவிட வேண்டாம்.