கிளாரினெட்டில் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேல் சா வராமல் மேல் பா வருவது ஏன்?

சீவாளி, வேலந்தாவளம்:

எங்கள் வீட்டில் தலைமுறையாக நாகஸ்வரம். அதில் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் கிட்டத்தட்ட ஒரே விரல்தான். உதட்டை இறுக்கிக் காற்றைக் கூட்டினால் சா மேல் சாவுக்குப் போய்விடும். இப்போது பாலக்காட்டுப் பக்கம் சர்ச் பெருநாளுக்கு பேண்டு செட்டில் ஆள் கேட்கிறார்கள் என்று பழைய பி பிளாட் கிளாரினெட் ஒன்று வாங்கினேன். பின்னால் இடது கட்டைவிரலுக்கு ரெஜிஸ்டர் கீ என்று ஒரு கீ இருக்கிறதே, அதை அழுத்தினால் மேல் சாவைத் தாண்டிப் பாவில் போய் நிற்கிறது. விரல் கணக்கு முழுக்கக் குழம்புகிறது. போதாததற்கு, கீயைத் தொடாமலே கீழ் சுரம் சில நேரம் கீச்சென்று மேலே தாவுகிறது. கருவி கோளாறா, இல்லை கிளாரினெட்டே இப்படித்தானா?

பிசிக்ஸ் மாஷ், சித்தூர்:

தம்பி, பா வருவது கோளாறு இல்லை. தானாகத் தாவுவதுதான் கோளாறு. அதை பேண்டுக்காரர்கள் யாராவது சொல்லட்டும், நான் பாவுக்கு வருகிறேன்.

போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் துளையும் மூடி ஊதினால் அடிச் சுரம் சுமார் 147 ஹெர்ட்ஸ் காட்டும். அதே விரலோடு ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் 440. மூன்று மடங்கு. இரண்டு மடங்காக இருந்தால் மேல் சா. மூன்று மடங்கு என்றால் அதற்கும் மேலே உள்ள பா.

ஏன் மூன்று? ரீட், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டை, இருக்கும் பக்கம் குழல் மூடியது மாதிரிதான். அங்கே காற்றழுத்தம் அதிகபட்சமாக ஏறி இறங்கும். பெல், அதாவது விரிந்த கீழ் முனைப் பக்கம் வெளிக்காற்றோடு சேர்ந்துவிடுவதால் அழுத்தம் அநேகமாக மாறாது. ஒரு முனையில் உச்சம், மறுமுனையில் பூஜ்யம். இதற்குள் கால் அலை அடங்கும், முக்கால் அலை அடங்கும், ஒன்றேகால் அலை அடங்கும். அரை அலைக்கு இடமே கிடையாது. அதனால் 1, 3, 5 என்று ஒற்றைப்படையாகத்தான் ஏறும்.

நாகஸ்வரமும் அதன் ரீட்டான சீவாளிப் பக்கம் மூடியதுதானே என்று கேட்பீர்கள். அது கூம்பு, தம்பி. கூம்புக்குள் அலை விரிந்துகொண்டே போகிறது, நுனியிலிருந்து தள்ளிப்போகப் போக அழுத்தம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரு பக்கமும் திறந்த குழலைப் போல 1, 2, 3 என்று எல்லா மடங்கும் கிடைத்துவிடுகிறது. சாக்ஸபோனிலும் கிளாரினெட் மாதிரியே ஒற்றை ரீட்தான், ஆனால் குழல் கூம்பு. அங்கே மேல் சாதான் வரும். காரணம் ரீட் இல்லை, குழலின் வடிவம்.

இனி அந்தக் கீ. அடியில் இருக்கும் துளையைப் பாருங்கள், ஏதோ 3 மி.மீ. இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன உலோகக் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். முக்கால் அலையில், ரீட் முனையிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி அழுத்தம் பூஜ்யம். அங்கே துளை போட்டால் பாவுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அடிச் சுரத்துக்கு அதே இடத்தில் உச்ச அழுத்தத்தில் 87 சதவீதம் இருக்கிறது. துளை திறந்ததும் அது ஒழுகி பலவீனமாகிறது, சுருதியும் நகர்ந்து மற்ற மடங்குகளோடு ஒட்டாமல் போகிறது. ரீட் அதை விட்டுவிட்டுப் பாவைப் பிடித்துக்கொள்ளும். துளை பெரிதாக இருந்தால் இந்த வேலை நடக்காது. அது சாதாரண விரல் துளை மாதிரி குழலைக் குறுக்கிவிடும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதை வயரிங் பைப்பில் காட்டுவேன். கிளாரினெட் மவுத்பீஸை டேப் சுற்றிப் பைப்பில் செருகி, மவுத்பீஸ் நுனியிலிருந்து அளந்து மூன்றில் ஒரு பங்கில் ஆணி முனை அளவு ஓட்டை. விரலால் மூடி ஊதினால் சா, விரலை எடுத்தால் பா. நட்ட நடுவில் ஓட்டை போட்ட பைப்பும் ஒன்று வைத்திருக்கிறேன். அங்கே இரண்டு சுரத்துக்கும் ஒரே அளவு அழுத்தம், 71 சதவீதம். எது வரும் என்று ரீட்டுக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு அந்தப் பைப்புதான் பிடிக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்பது சுரத்துக்குச் சுரம் மாறும். அடிச் சுரத்துக்கு நுனியிலிருந்து சுமார் 20 செ.மீ., மேலே போனால் 9 செ.மீ. வரை வந்துவிடும். ஒரே துளையை இடையில் எங்கோ வைத்துச் சமாளிக்கிறார்கள். அதனால் இரண்டு ஓரத்திலும் மேல் சுரங்கள் சுருதி கொஞ்சம் கூடி ஒலிக்கப் பார்க்கும், உதட்டால் இறக்க வேண்டும். தொண்டைப் பகுதியில், அதாவது கீழ் வரிசை முடியும் இடத்தில், உள்ள பி பிளாட் சுரத்துக்கும் இதே துளைதான். அது எந்தக் கிளாரினெட்டிலும் மூக்கடைத்த மாதிரிதான் கேட்கும்.

உங்கள் விரல் கணக்குக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. நாகஸ்வரத்தில் ஏழு துளையில் நி வரை போனால் போதும், அடுத்தது மேல் சா. இங்கே பா வரைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பியாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை கீ. போம் முறை என்ற இன்றைய வழக்கமான கீ அமைப்புள்ள கருவியில் 17.

பேண்டுக்காரன், கொல்லங்கோடு:

மாஷ் சொன்னது சரி. தாவுவதற்கு நான் சொல்கிறேன். ரெஜிஸ்டர் கீயின் பேடுக்கு, அதாவது துளையை மூடும் மெத்தைக்கு, அடியில் சிகரெட் பேப்பர் மாதிரி மெல்லிசான துண்டு ஒன்றை வைத்து, கீயை மூடிய நிலையிலேயே இழுத்துப் பாருங்க. பிடித்து வரணும். சும்மா வழுக்கி வந்தால் பேட் ஒழுகுது. மாஷ் சொன்ன ஒழுக்குதான், நீங்கள் கேட்காமலே நடக்குது. மேல் ஜாயிண்டில் வேறு எந்த பேட் ஒழுகினாலும் இதே கதைதான். மரக் கருவி என்றால் விரிசலும் பாருங்க. மார்கழி, தையில் நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மரத்தை உலர்த்தித் தள்ளிடும். அப்புறம், நாகஸ்வரக்காரருக்கு இது ஆகாது என்று நினைக்காதீங்க. ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வரமும் கற்றவர், கிளாரினெட்டுக்காகத்தான் 2022-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

சீவாளி:

பேப்பர் வழுக்கித்தான் வந்தது. பேட் மாற்றக் கொடுக்கிறேன் அண்ணா. மாஷே, பாவுக்கும் மேலே போக இன்னொரு கீ உண்டா?

பிசிக்ஸ் மாஷ்:

தனிக் கீ இல்லை. ரெஜிஸ்டர் கீயோடு இடது ஆள்காட்டி விரலைத் தூக்குங்கள். அந்தத் துளை இரண்டாவது ஒழுக்கு. ஐந்து மடங்குக்குத் தாவும், அதாவது அதற்கும் அடுத்த ஸ்தாயியின் காந்தாரம். ஆனால் அங்கே கணக்குப்படி சுருதி நிற்காது, சுரத்துக்குச் சுரம் விரலை மாற்ற வேண்டியிருக்கும். முதலில் பேட் மாற்றிக்கொண்டு வாருங்கள்.