சீசன் இல்லாத மாதங்களில் கயாக் பயிற்சி: கால் மரத்துப்போவதும் மணிக்கட்டு வலியும்

நீரோட்டம்:
வார இறுதியில் மட்டும் கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் குறுகிய படகு) ஓட்டுகிறேன், போட்டிக்கெல்லாம் போவதில்லை. சீசன் முடிந்து படகை ஏறக்கட்டியாயிற்று. ஆனால் இரண்டு தொந்தரவு தீரவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே வலது கால் மரத்துப்போகிறது. அப்புறம் வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கம் வலி. கையை அசைத்தால் உள்ளே நறநறவென்று உரசுகிறது. ஜிம்மில் கைக்கு மட்டும் பயிற்சி செய்தால் போதுமா?

பழைய துடுப்பு:
கையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். துடுப்புக்கு விசை வரவேண்டியது உடம்பைத் திருப்புவதிலிருந்து. கையால் மட்டும் இழுத்தால் பாரம் முழுக்க மணிக்கட்டிலும் முழங்கையிலும்தான் விழும்.

தரையில் உட்கார்ந்து, முழங்காலைச் சற்று மடக்கி, பாதங்களைச் சுவரில் பதியுங்கள். ஒரு கம்பைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு, கையை மடக்காமல் இரு பக்கமும் திரும்புங்கள். வலப்பக்கம் துடுப்புப் போடுவதுபோல் திரும்பும்போது வலது தோள் முன்னே போய், பின் இழுக்கையில் வலது பாதம் சுவரை உதைக்க வேண்டும். அப்படி உட்காரும்போதே முதுகு கூனிப் பின்னால் சரிகிறதா? அப்படியானால் தொடையின் பின்தசை இறுகியிருக்கலாம். கால் மரப்பதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். தினமும் அதை நீட்டிவிடுங்கள், துள்ளாமல், நிதானமாக.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பலன் தந்தது: படகைப் பாயின் மேல் போட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். மரப்பு தொடங்கியதும் படகினுள் பாதம் ஊன்றும் கால்மிதியை ஒரு பல் நகர்த்துங்கள். தொடைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். இருக்கையின் முன்விளிம்பு அழுத்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். தண்ணீரில் இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க முடியாது.

தசைநாண்:
நான் பிசியோதெரபிஸ்ட். நறநறப்பு இருக்கும்வரை மணிக்கட்டுக்குப் பளு வேண்டாம். அது தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) உறை வீங்கியதன் அடையாளமாக இருக்கலாம். முதலில் ஓய்வு, அப்புறம் லேசான பளு. மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு இறங்காவிட்டால் பளு அதிகம் என்று அர்த்தம். தோளுக்கு இப்போதே ரப்பர் பட்டை பிடிக்கலாம்: முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளியே திருப்புங்கள். படகைவிட்டு எழுந்து நடந்த பிறகும் மரப்பு விடவில்லை, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் துடுப்பின் இரு முனையிலும் உள்ள பிளேடுகள் (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதிகள்) ஒன்றுக்கொன்று எவ்வளவு கோணம் திரும்பியிருக்கின்றன?

நீரோட்டம்:
60 டிகிரி. வலது கைதான் துடுப்பைத் திருப்புகிறது.

தசைநாண்:
அதுவும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முறை இடப்பக்கம் போடும்போதும் வலது மணிக்கட்டைப் பின்னால் வளைக்கிறீர்கள். கோணத்தை மாற்ற முடிகிற துடுப்பானால் 30க்குக் கொண்டுவாருங்கள், அல்லது பூஜ்யம். பிடியையும் தளர்த்துங்கள், தள்ளும் கையின் விரல்கள் திறந்தே இருக்கலாம்.

நீரோட்டம்:
பூஜ்யத்தில் வைத்தால் எதிர்க்காற்றில் மேல் பிளேடு தள்ளாதா?

பழைய துடுப்பு:
தள்ளும். துடுப்பைத் தாழ்வாகப் போட்டால் அவ்வளவு தெரியாது. காற்று அதிகமுள்ள இடமென்றால் 30 வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.