பிலடெல்பியாவில் பழைய சுவீடன்காரர் சர்ச்: அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

சத்துவாச்சாரி:
அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறோம், பிலடெல்பியா பக்கம். வேலூர் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் சர்ச்சை யாருக்குக் காட்டினாலும் ‘1846-ல் கட்டியது’ என்று சொல்லாமல் அப்பா நகரமாட்டார். அண்ணன் போனில், இங்கே 1700-லேயே சுவீடன்காரர்கள் கட்டி முடித்த சர்ச் இருக்கிறது என்று வாயை விட்டுவிட்டான், அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. பக்கத்து டெலவர் மாநிலத்து வில்மிங்டன் ஊரிலும் இதேபோல ஒன்று உண்டாமே? அப்பாவுக்கு முட்டிவலி, ஏதாவது ஒன்றுக்குத்தான் போக முடியும். அப்புறம், நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அது லுத்தரன் சபை என்றால் திருவிருந்து கொடுப்பார்களா?

காட்பாடி அக்கா:
அண்ணன் சொன்ன பிலடெல்பியா சர்ச்சுக்கே போங்க தம்பி, குளோரியா டேய் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் சின்னச் செங்கல் கட்டடம், சுற்றிலும் கல்லறைத் தோட்டம், ஒரு பக்கம் டெலவர் ஆறு, இன்னொரு பக்கம் பெரிய ஹைவே இரைச்சல், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் இருக்கும். உள்ளே போனதும் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே இரண்டு கப்பல் பொம்மைகள் தொங்கும். 1638-ல் முதல் சுவீடன் குடியேறிகளைக் கொண்டுவந்த கால்மார் நிக்கல், ஃபோகல் கிரிப் கப்பல்களின் மாதிரி. பாய்மரம், கயிறு எல்லாம் நுணுக்கமாக இருக்கும். என் மாமியார், “கோயிலுக்குள்ள எதுக்குடி கப்பலு?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டார், நல்லவேளை தமிழில். சுவீடனில் கடலை நம்பிப் பிழைக்கிற ஊர்களில் சர்ச்சில் கப்பல் தொங்கவிடுவது பழைய வழக்கமாம்.

திருவிருந்துக்குக் கவலையே வேண்டாம். லுத்தரனாகத்தான் ஆரம்பித்தது, ஆனால் 1845-ல் எபிஸ்கோபல் சபையில் சேர்ந்துவிட்டார்கள். அதாவது ஆங்கிலிக்கன், நம்ம சி.எஸ்.ஐ.யும் அந்தக் குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே போங்கள், சும்மா சுற்றிப்பார்த்துவிட்டு வந்தால் பாதிதான்.

ஆம்பூர் லுத்தரன்:
அக்கா சொன்ன அந்த 1845-தான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் லுத்தரன் கோயில் என்று ஆசையாகப் போய், பலகையில் எபிஸ்கோபல் என்று பார்த்து முழித்தவன். ஆயர் இல்லாமல் தவித்த அந்த ஜனங்கள் சுவீடனுக்குக் கடிதம் எழுதி, ராஜா அனுப்பிய குருமார் 1697-ல் வந்து சேர்ந்து, அதற்கப்புறம்தான் இரண்டு கோயிலும் எழும்பின. 1703-ல் அமெரிக்காவின் முதல் லுத்தரன் குருப்பட்டமும் குளோரியா டேயில்தான் நடந்தது. பேரப்பிள்ளைகள் காலத்தில் சுவீடிஷ் பேச ஆளில்லை, எல்லாம் இங்கிலீஷ் ஆகிவிட்டது. சரி, யாரைக் குறை சொல்வது, என் பையனே தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் பாடுகிறான்.

ஆனாலும் என் ஓட்டு வில்மிங்டனுக்கு. 1699-ல் பிரதிஷ்டை, கப்பல்கள் வந்து இறங்கிய இடமும் அங்கேதான் பக்கத்தில். கருங்கல் சுவர், கூரையின் கனம் தாங்காமல் வெளியே தள்ளிக்கொண்டு வர, அதற்கு முட்டுக் கொடுக்கத்தான் பக்கவாட்டில் வளைவு வைத்த முகப்பைக் கட்டினார்கள். உள்ளே பெஞ்ச் வரிசைகளுக்குக் கதவு இருக்கும், திறந்துகொண்டு போய் உட்கார வேண்டும்.

வாலாஜாபேட்டை:
இடையில் ஒரு செய்தி. அந்த சுவீடன் குடியேற்றத்தை 1655-ல் பிடுங்கிக்கொண்டவர்கள் டச்சுக்காரர்கள். நம்ம வேலூர்ப் பக்கம் ஊழியம் செய்த ஆற்காடு மிஷனை ஆரம்பித்த அமெரிக்க மிஷனரிகள் ஸ்கடர் குடும்பத்தின் சபையும் அமெரிக்கா போன டச்சுக்காரர்கள் சபைதான். அதனால் அப்பா அங்கே போய் ஆற்காடு மிஷன் பெருமையை ரொம்ப அளக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள் :)

சத்துவாச்சாரி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கப்பல் என்றதும் குளோரியா டேய்தான் என்றார், கதவு வைத்த பெஞ்ச் என்றதும் வில்மிங்டன் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லையாம், அண்ணன் தலையில் கட்டிவிட்டேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனால் யாராவது சிரிப்பார்களா?

காட்பாடி அக்கா:
யாரும் சிரிக்கமாட்டார்கள். போவதற்கு முன் இரண்டு இடத்துக்கும் போன் போட்டு நேரம் கேட்டுவிடுங்கள், நாங்கள் முதல் தடவை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம்.